கைகள் பைக்குள்

பத்து நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது
நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.
மேசையில் எலுமிச்சை வடிவில் ஒரு சமையலறைக் கடிகாரம்.
அது கத்தினால், பாதி வாக்கியத்தில் இருந்தாலும்
வாயை மூடிக்கொள்ள வேண்டும்.
இருபத்திரண்டு வருடம் பலகையோடு பேசியே வாழ்ந்தவளுக்கு
இது பத்தியச் சாப்பாடு.

கிளோகே, மினசோட்டா. ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
காகித ஆலைப் புகை மேலே ஏற மனமில்லாமல்
கூரை மட்டத்திலேயே படுத்துக் கிடக்கிறது.
உள்ளே ஏழாம் வகுப்பு, இரண்டாம் பாடவேளை,
ரேடியேட்டர் மேல் காயும் இருபத்தாறு ஜோடிக் கையுறைகளின்
நனைந்த நாய் வாசனை.

"நான்கு அங்குலப் பனிக்கட்டி ஓர் ஆளைத் தாங்கும்.
பன்னிரண்டு அங்குலம் எத்தனை ஆளை?"
நான் முடிக்கவும் எலுமிச்சை கத்தவும் சரியாக இருந்தது.

இனி அது அவர்கள் பட்டறை.
கைகளைக் கம்பளிச் சட்டையின் பைக்குள் செருகிக்கொண்டேன்.
பை வைத்த சட்டையாகத் தேடி வாங்கியதே இதற்குத்தான்.
என் கை திருட்டுக் கை.
பிள்ளை தயங்கும் அந்த அரை நொடியில்
பென்சிலைப் பறித்து
இதோ, இப்படி, என்று போட்டுக் காட்டிவிடும்.
அப்படிக் களவாடிய கணக்குகளுக்குக்
கணக்கே இல்லை.

ஐலி முடித்துவிட்டாள்:
மூன்று மடங்கு கனம், ஆக மூன்று ஆள்.
அட்டவணை, அடிக்கோடு, விடையைச் சுற்றி ஒரு பெட்டி.
நான் நடத்திய பாடம் அச்சு மாறாமல் அங்கே இருந்தது.
பென்சிலை வைத்துவிட்டு நகத்தைப் பார்க்கிறாள்.

ஜன்னலோரத்தில் வெஸ்டன் டிஃபோ.
தாளில் ஓர் எண்கூட இல்லை.
பிக்கப் லாரி ஒன்று வரைந்துகொண்டிருக்கிறான்,
பின்னால் மீன்பிடிக் கூடாரம், தூண்டில்கள்,
நம்பர் பிளேட்டில் துரு.
பழைய நான் இங்கே இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.
இரண்டும் நல்ல வார்த்தை அல்ல.

"இதைப் பத்திச் சொல்லேன்."
"மாமாவோட லாரி."
"ம்."
"பன்னிரண்டு அங்குலம் உறைஞ்சதும் ஏரி மேல ஓட்டிட்டுப் போவார்.
வெறும் மூணு ஆள்தான்னா,
அது எப்படி நிக்குது?"

பைக்குள் விரல்கள் துடித்தன.
வர்க்கம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து
பல்லில் இடித்துக்கொண்டு நின்றது.
"ஐலிகிட்டக் கேட்டுப் பாரேன்" என்றேன்.

லாரியைத் தூக்கிக்கொண்டு போனான்.
"உன் மாமா புளுகுறார்."
"வந்து பாரு. நான் உள்ளே உக்காந்திருக்கேன்."
நாற்காலிகள் நகர்ந்தன. நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள்.
லாரி எத்தனை ஆள் எடை?
இருபது, இல்லை இருபத்தைந்து, கூடாரத்தோடு இன்னும் ஒன்று.
ஐலி தன் பெட்டியை அழிக்கவில்லை,
மேலே ஒரு கோடு கிழித்தாள், அழுத்தி.
யாரோ மூன்றை மூன்றால் பெருக்கிப் பார்த்தார்கள்.
ஒன்பது.
நான் பையில் ஒளித்து வைத்திருந்த விடை.
அதுவும் போதவில்லை.

கடைசி எட்டு நிமிடம், எல்லாரும் பலகை முன்னால்.
லாரிப் படத்தைக் காந்தத்தால் ஒட்டினார்கள்.
ஐலிதான் பேசினாள், காது சிவந்து:
"நாலு அங்குலம் ஒரு ஆளைத் தாங்கும், சரி.
ரெண்டாவது ஆள் வந்தா உடையும்னு
யார் சொன்னது?"

அறை என்னைப் பார்த்தது.
இதே கேள்வியை எத்தனை ஜனவரிகளாகக் கேட்டிருக்கிறேன்,
உறைந்த ஏரி மேல் நடப்பது போல
ஒருநாளும் கீழே பார்க்காமல்.
"நான்தான் சொன்னேன்," என்றேன்.
"எனக்கு எப்படித் தெரியும்னு எனக்கே தெரியலை."

வெஸ்டன் சிரிக்கவில்லை.
லாரிக்குக் கீழே சின்ன எழுத்தில் எழுதினான்:
மாமாவிடம் எடை கேட்க வேண்டும்.

மணி அடித்தது. கையுறைகள் போயின. ஒன்று மட்டும்
ரேடியேட்டருக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறது.

அடுத்த வகுப்பு வருவதற்குள்
கேள்வியில் 'அதிகபட்சம்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்,
ஓட்டை அடைபட்டுவிடும்.
பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

மூடினேன்.
எலுமிச்சையைப் பத்துக்குத் திருகி வைத்துவிட்டுக்
கைகளை உள்ளே போட்டுக்கொண்டேன்.